பதினேழாவது கேள்வி

பாதுகாப்பு அதிகாரிக்குக் கண் எரிந்தது. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு சாயங்காலம் வெளியாக வேண்டும். நோயாளிகளின் விவரம் எதுவும் கசியாது என்று கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். புரோகிராமரோ வழக்கம்போல பாதுகாப்புப் படிவத்தின் நாற்பது கேள்விக்கும் 'ஆம்' என்று டிக் அடித்து அனுப்பியிருந்தான்.

பதினேழாவது கேள்வியில் அவள் பார்வை நின்றது. அவனைக் கூப்பிட்டாள்.

"இதைச் சத்தமா வாசி."

"'எதையும் படிக்காமலே ஆம் போடுகிறீர்களா?'"

"அதுக்கும் ஆம் போட்டிருக்க! எழுதும்போதே பாதுகாப்பை யோசிங்கன்னு தொண்டை வத்தக் கத்துறேன். உங்களோட மாரடிச்சே என் உயிர் போகுது."

"அந்தக் கேள்வியைச் சேர்த்ததே நான்தான் மேடம்." அவன் குரலிலும் அலுப்புதான்.

"எதுக்கு?"

"யாராவது படிக்கிறாங்களான்னு பார்க்க."

"படிச்சிட்டேன்ல?"

"படிச்சிட்டீங்க. நான் சேர்த்தது போன வருஷம்."

அவள் பழைய படிவங்களைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஏழு பதிப்புகள். ஏழிலும் பதினேழாவது கேள்விக்கு 'ஆம்'.

ஏழிலும் கடைசியில், 'முழுவதும் படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே, அவள் கையெழுத்து.