புதன்கிழமை மயக்கம்

டாக்டர் தியானா கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

"ஊசி போட்டுட்டு சாப்பிடாம விட்டீங்களா?"

"இல்லை."

"ஊசி போட்ட கையோட வெந்நீர்த் தொட்டியில போய் உட்கார்ந்தீங்களா? சூட்டுல இன்சுலின் சட்டுனு ரத்தத்துல ஏறிடும்."

"எங்க வீட்டு பாய்லருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது."

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்திருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இல்லை. குடி, மூலிகைப் பொடி, புது மாத்திரை? எதுவும் இல்லை.

"கணக்குக்கு மேல இன்சுலின் போட்டுக்கறீங்களா?"

"நானா? சோம்போர் நகர நீரிழிவாளர் சங்கத் தலைவர் நான்," என்றேன்.

அது பதிலே இல்லை. ஆனாலும் அவர் அதைப் பதிலாக எழுதிக்கொண்டார்.

ஆறு வாரமாக, புதன்கிழமை மதியம் ஆனால் எனக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், நாக்கு குழறும். ஒருமுறை குடிகாரன் என்று நினைத்து பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டார்கள். சிறுநீரகம், தைராய்டு, குடல் எல்லாவற்றையும் சோதித்தாயிற்று. கோளாறு எதுவும் அகப்படவில்லை.

"அபூர்வமான கேஸ். கணையத்துல கட்டி இருக்கலாம்," என்றார் டாக்டர். "பெல்கிரேட் ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு நாள் பட்டினி போட்டுப் பார்க்கணும்."

அபூர்வம் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உண்மை இதுதான். புதன்கிழமை காலையில் சங்கக் கூட்டம். இனிப்பைத் தொடாதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசுவேன். பேசி முடித்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரிஃபாத்தின் மிட்டாய்க் கடைக்கு நழுவிவிடுவேன். தின்னப்போகும் சர்க்கரையைச் சரிக்கட்ட, கடைக் கழிப்பறையில் கூடுதலாக ஆறு யூனிட் இன்சுலின் ஊசி. பிறகு ஓரத்து மேஜையில் இரண்டு கிரெம்பிட்டா, பால் கிரீம் நிரப்பிய கேக் துண்டு.

மூன்று வருஷமாக இந்தக் கணக்கு பிசகியதே இல்லை. அதனால் மயக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மூன்று நாள் பட்டினிக்குக்கூடச் சம்மதித்தேன். கிரெம்பிட்டா என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை.

பெல்கிரேட் போவதற்கு முந்தின புதன்கிழமை. இரண்டு துண்டும் தின்று, பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. உடனே இனிப்பு வேண்டும். பக்கத்தில் இருப்பது ரிஃபாத் கடைதான். தள்ளாடித் திரும்பி வந்தேன்.

"இன்னொண்ணு கொடு, சீக்கிரம்."

பாதி தின்றும் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. என் முகத்தைப் பார்த்த ரிஃபாத் தட்டைப் பிடுங்கினான்.

"அதைத் தின்னாதீங்க தலைவரே, அதுல சக்கரை இல்ல."

ராஸ்ப்பெரி சர்பத்தில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி என் வாயில் வைத்தான். கால் மணி நேரத்தில் உலகம் நேராக நின்றது.

"சக்கரை இல்லைன்னா?"

அவன் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஆறு வாரம் முன்னாடி உங்க போட்டோ போட்டு ஊரெல்லாம் சங்கத்து நோட்டீஸ் ஒட்டினாங்களே. அப்பதான் உங்களுக்கு வியாதின்னு தெரியும். எங்கம்மாவுக்கு இதுலதான் கண்ணு போச்சு. அவங்க தின்னதெல்லாம் நான் செஞ்ச இனிப்பு. அதான் உங்களுக்குத் தனியா, சக்கரைக்குப் பதிலா சக்கரை இல்லாத இனிப்புப் பொடி போட்டு மாவு கிண்டினேன்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"ருசி முன்னைக்கு இப்ப தேவலைன்னு சொன்னீங்க."

நான் கழிப்பறை ரகசியத்தைச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"ஊசியை ஏத்திப் போட்டுட்டா வர்றீங்க? ஐயோ, எனக்குத் தெரியாதே. அப்ப மத்தவங்களும் அப்படித்தான் வர்றாங்களா?"

"மத்தவங்கன்னா?"

"உங்க சங்கத்து ஆளுங்க. நோட்டீஸ்ல கூட்டத்துப் படமும் இருந்துச்சே. எல்லாருக்கும் அதே மாவுதான்."

"யார் யாரு?"

"பேரைக் கேட்காதீங்க. உங்க பேரையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நீயே அவங்ககிட்ட சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? நீ திருட்டுத்தனமா வர்றது எனக்குத் தெரியும்னா? தலை குனிஞ்சு வெளிய போவாங்க. அப்புறம் நிஜச் சக்கரை போடற கடைக்குப் போவாங்க."

யாராவது ஒருவர் முதலில் தலைகுனிய வேண்டியிருந்தது. தலைவர் என்று ஒருவன் இருப்பது அதற்காவது உதவட்டும்.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "பெல்கிரேட் வேண்டாம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிரெம்பிட்டா, கழிப்பறை, ஆறு யூனிட், ரிஃபாத்தின் தனி மாவு, ஒன்றையும் விடவில்லை. "இதுல உங்க உயிரே போகலாம்," என்று முடித்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் எங்கள் செயலாளர் கோர்டானா அம்மா கை தூக்கினார். இருபது வருஷமாக இனிப்பு விஷம் என்று துண்டுப் பிரசுரம் எழுதுகிறவர். சங்கத்து டீயில் தேன்கூட விட விடாதவர். என்னை ராஜினாமா செய்யச் சொல்வார் என்று சட்டைப்பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மெல்லிய குரலில் கேட்டார்.

"அவன் போடற வால்நட் கேக்கும் அப்படித்தானா, தலைவரே?"