பலகையில் ஒரு காலியிடம்

பழைய போர் விமானத்தளத்தை இப்போது காட்சிக்கூடமாக்கிவிட்டார்கள். இளமை முழுக்க அங்கே மெக்கானிக்காகக் கிடந்த பெரியவர், மகளோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் ஒரு விமானம் நின்றது.

"வெறும் கூடும்மா. இன்ஜினைக் கழட்டி எவ்வளவோ வருஷமாச்சு" என்றார்.

விமானங்களைப் பழுதுபார்த்த கொட்டகையின் சுவரில் அவருடைய கருவிப் பலகை அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் பின்னால் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்தவர் அவர்தான். ஒரு இடம் காலி என்றாலும் கருவி விமானத்துக்குள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பலகை நிரம்பினால்தான் இன்ஜினைக் கிளப்புவார்கள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால்தான் விமானம் நகரும்.

இன்று ஒரே ஒரு உருவம் காலியாக இருந்தது. நீளமாக, மேலே வளைந்து. அதை வரைந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

"இது என்ன கருவிப்பா?"

"அதான் எனக்கும் பிடிபடலம்மா."

மகள் விளையாட்டாக அவர் கைத்தடியை வாங்கி மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. போன வாரம் உடைந்த கைப்பிடியில் அவள் சுற்றிய கம்பி முடிச்சுக்குக்கூட அந்தப் பெயின்ட் உருவத்தில் ஒரு புடைப்பு இருந்தது.

வாசல் பக்கம் இன்ஜின் ஒன்று இருமி இருமி ஓடத் தொடங்கியது.

"கழட்டியாச்சுன்னு சொன்னீங்களேப்பா?"

தடியை எடுக்கத்தான் அவர் கையை நீட்டினார். பழைய பழக்கத்தில் கட்டைவிரல் மேலே போனது.