ரேடியேட்டர் ஒழுகுது

"இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடியேன்" என்றார் அண்ணன்.

"எனக்கு வேலை கிடக்கு. நீங்களே பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி, கார் ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். டீ குடிப்பதுதான் அந்த வேலை போலிருக்கிறது.

முந்தின நாள்தான் வந்திறங்கிய தங்கைக்கு வயிறு எரிந்தது.

அண்ணன் தையல்காரர். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு தேறிவிட்டது, கால் தேறிவிட்டது. கை மட்டும் அடம்பிடிக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கடை பூட்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மனிதர் இடது கையில் டார்ச்சும் வலது கையில் ஸ்க்ரூடிரைவருமாக, காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்.

ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒழுகல். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு தளர்ந்திருந்தது. திருகாணியை நாலு சுற்று சுற்றினால் முடிகிற வேலை. அண்ணனுக்கு அரை மணி நேரமாகியும் முடியவில்லை. ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. தங்கை எடுக்க ஓடினாள்.

"நீ உட்காரு. போட்டவர் எடுப்பார்" என்றாள் அண்ணி.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டா பத்து நிமிஷ வேலை, அண்ணி."

"எந்த மெக்கானிக்கும் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. உங்க அண்ணன்தான் பெரிய வீரராச்சே, அவரே பார்க்கட்டும். முடியலைன்னா முடியலைன்னு வாய் திறந்து சொல்லட்டும்."

அண்ணனுக்குக் காது சிவந்தது. "யாருக்கு முடியலை?" என்று பல்லைக் கடித்தார். திருகாணி கால் சுற்று திரும்பியது.

ஒருவழியாக இறுக்கி முடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட்டை ஊற்றி, எஞ்சினைப் போட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார். அதோடு விட்டாளா அண்ணி?

"குழாயை அமுக்கி விடுங்க. உள்ள காத்து நின்னா எஞ்சின் கொதிக்கும். நூறு தடவை அமுக்கணும்னு வீடியோவுல சொன்னான்."

அண்ணன் வலது கையால் ரப்பர் குழாயை அமுக்க ஆரம்பித்தார். அண்ணி எண்ணினாள். நாற்பதில் அவர் நிறுத்தியதும், "அவ்வளவுதானா?" என்று சிரித்தாள். அவர் மறுபடி அமுக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

மத்தியானம் அண்ணன் தனியாக இருக்கும்போது தங்கை கேட்டாள். "கைக்குப் பயிற்சி கொடுக்க ஒருத்தர் வந்தாரே, அவர் என்ன ஆனார்?"

"ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்குன்னார். நான் என்ன பச்சைக் குழந்தையா? ஜன்னல் வழியா வீசிட்டேன். அப்புறம் அவர் வரலை."

"இந்தக் காரையாவது விடேன், அண்ணா."

"எப்படி விடுறது? போன மாசம் மேல் குழாய் ஒழுகிச்சு. அப்புறம் கீழ்க் குழாய். இன்னிக்குத் திரும்ப மேல். ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு. நானும் விடுறதா இல்லை. இதை நானே சரிபண்ணி, நானே ஓட்டிட்டுப் போய்க் கடையைத் திறக்கிறேன் பாரு."

அண்ணிக்கு மனசா, கருங்கல்லா? மறுநாள் அண்ணன் எழுந்திருக்கும் முன்னால் எல்லாக் கிளாம்பையும் தானே இறுக்கி, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தங்கை தீர்மானித்தாள்.

விடிந்தும் விடியாமல் ஷெட்டுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே வெளிச்சம். பானட்டுக்குள் குனிந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அண்ணி திருகிக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லையே, மனசு இளகிவிட்டது என்று தங்கை நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். திருகாணி இடப்பக்கமாகச் சுற்றித் தளர்ந்துகொண்டிருந்தது. பச்சைத் துளி ஒன்று தரையில் விழுந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

அண்ணி டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "மெதுவாப் பேசு, எழுந்துடுவார். இது ஹீட்டர் குழாய். பின்னாடி இடுக்குல இருக்கு. கையை நல்லா நீட்டி, விரலை மடக்கினாத்தான் எட்டும். மேலயும் கீழயும் அவருக்குப் பழகிடுச்சு."

"எத்தனை நாளா இது?"

"பந்து ஜன்னலைத் தாண்டின மறுநாள்லேர்ந்து. முதல் வாரம் ஒரு சுத்து சுத்த ஒரு மணி நேரமாச்சு. சமையல்கட்டுக்குள்ள போய் அழுதேன். அவர் எதிர்ல அழுதா விட்டுடுவார். கிண்டல் பண்ணினாத்தான் ரோஷம் வருது." அண்ணி கையைத் துணியில் துடைத்தாள். "நேத்து டீ டம்ளரை வலது கையால எடுத்தார். அவரே கவனிக்கலை."

"அந்த டார்ச்சையாவது நீங்க பிடிச்சிருக்கலாமே?"

"பிடிச்சா இடது கை சும்மா இருக்குமா? திருகுற வேலையை அது பிடுங்கிக்கும்."

தங்கை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் பச்சைக் கூலன்ட் பிசுபிசுத்தது.

ஒன்பது மணிக்கு ஷெட்டிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "பார்த்தியா, இன்னிக்கு ஹீட்டர் குழாய். இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடுறேன். தங்கச்சி, நீயாவது வந்து இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடியேன்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வேலை கிடக்கு, அண்ணா. நீயே பிடிச்சுக்கோ."