ஏழாம் நம்பர் ஒர்க்ஸ்டேஷன்

"உங்க கம்ப்யூட்டருக்கு ரேம் மாத்தினா போதுமா, இல்ல புதுசே வாங்கணுமா? பார்த்து எழுதிக் குடுங்க," என்றார் மேனேஜர்.

கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் ஒரு வாரம் விலை விசாரித்தார்.

"புதுசுன்னே எழுதுங்கண்ணே. உங்க பெட்டி ஒரு ஃபைலைத் திறக்கிறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துடுறேன்," என்று பக்கத்து மேஜைப் பெண் சீண்டினாள்.

"ஆமாம்மா. ரிடையராக இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இதோட மாரடிக்க முடியாது."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'ஏழாம் நம்பர் ஒர்க்ஸ்டேஷன் மிகவும் பழையது. வேகம் போதாது. இனி இதற்குச் செலவு செய்வது வீண். அகற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம்.'

பத்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"புதுசு சாங்ஷன் ஆயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம் சார்!"

மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹெட் ஆபீஸ்ல ஒர்க்ஸ்டேஷன்னா மேஜை, மெஷின், அதுல உட்கார்ற ஆள் மூணும் சேர்த்துதானாம். இந்த மாசத்தோட உங்களை…"

"நான் மெஷினைத்தானே சார் சொன்னேன்?"

"நானும் மல்லுக்கு நின்னு பார்த்துட்டேன். உங்க கையெழுத்தையே காட்டுறாங்க."

அவர் தன் இடத்துக்குத் திரும்பியபோது, மெக்கானிக் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நல்ல பெட்டி சார். ரேம் மட்டும் மாத்தியிருந்தா, இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடியிருக்கும்."

"எனக்கும் அவ்வளவுதாங்க வேண்டியிருந்தது," என்றார் அவர்.