ஏழாம் நம்பர் பனியன்

ஒன்பது வருடமாக அந்தக் கபடி பனியனில் தவசிக்கனி ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை. எபனேசர் ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்த அன்று அதில் அப்பிய செம்மண், கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்படியே இருந்தது. போன மாதம் எதிரி ஊர் அணிக்குத் தாவிய அதே எபனேசர் இன்று வாசலில் நின்றான்.

“அண்ணாச்சி, அந்தப் பனியனக் குடுங்க. புது டீம்ல கண்காட்சி வைக்காங்க.”

“உக்காருங்க தம்பி. டீ குடிங்க, எடுத்துட்டு வாரேன்.”

கொல்லைத் துவைகல்லில் ஏழாம் நம்பரை அவர் ஓங்கி ஓங்கி அறைந்தார். சிவந்த தண்ணீர் வாழை மூட்டு மண்ணில் வற்றும்வரை நின்றார். பிறகு, சொட்டச் சொட்ட எபனேசரின் கையில் திணித்தார்.

“பனியன் உங்களுது. மண்ணு எங்க ஊருதுல்லா, அத எடுத்துக்கிட்டேன்.”