உதட்டில் ஒரு மரகதம்

பிறவியிலேயே பார்வையில்லாத அமலோற்பவம், இத்தாலிய ரத்தினப் பட்டியல்களைக் கணினி வாசிக்கக் கேட்டு ஆங்கிலமாக்குபவள். மரகதத்தின் பச்சைகளுக்கு வந்தபோது கை ஓடவில்லை.

"பார்க்காததை எப்படி எழுதறது பாய்? வேற ஆளைப் பாருங்க" என்று போனில் சொன்னாள்.

வேலையைக் கொடுத்த கல் வியாபாரி ஹபீபுல்லா நேரிலேயே வந்து அவள் உள்ளங்கையில் ஒரு மரகதத்தை வைத்தார். "உதட்டுல வச்சுப் பாருங்கம்மா. கண்ணு இருந்தும் நாங்க அப்படித்தான் பார்ப்போம். கண்ணாடின்னா சட்டுனு சூடாயிடும்."

கல் குளிர்ந்தது. குளிர்ந்துகொண்டே இருந்தது.

"எழுதி முடிக்கிறவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

வேலை முடிந்ததா என்று அவர் போனில் கேட்ட அன்று, எல்லாம் எழுதி முடிந்திருந்தது. அமலோற்பவம் உதட்டிலிருந்து கல்லை எடுத்தாள்.

"இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கு பாய்."

அவர் சிரித்தார். "அவசரமில்லம்மா. கல்லு இன்னும் சில்லுன்னு இருக்கா?"