மைதா படாத கேக்

“அந்தக் கரண்டியைத் தொடாதீங்க அண்ணி!”

எலிசபெத் போட்ட சத்தத்தில் ராயம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னா எலிசபெத்து, தேள் கொட்டினாப்ல கத்தற? என் தம்பி ஊட்டுக் கரண்டியைத் தொடக்கூட எனக்கு உரிமை இல்லியா?”

“சப்பாத்தி போட்ட கையோடதானே வந்தீங்க? சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. செலினுக்குக் கோதுமை ஆவாதுன்னு தெரியுமில்ல?”

ராயம்மாள் முணுமுணுத்தபடி கழுவிவிட்டு வந்தாள். அடுப்பில், மணல் பரப்பிய குக்கருக்குள் மாம்பழக் கேக் வெந்துகொண்டிருந்தது. மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்று, பச்சரிசியைக் காயவைத்து வீட்டு மிக்சியிலேயே அரைத்திருந்தாள் எலிசபெத்.

“ரெண்டு கரண்டி மைதா போட்டா பஞ்சு மாதிரி வரும். இது கோட்டைக் கல்லாட்டம் வரப்போவுது பாரு.”

“கல்லாவே வரட்டும். போன வருஷம் பஸ் ஸ்டாண்டு கடையில ஒரே ஒரு வாய் பரோட்டா. உதடு வீங்கி, மூச்சு அடைச்சு, பாண்டிச்சேரி போறதுக்குள்ள பாதி உசுரு போயிடுச்சு. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்லைன்னுட்டாரு டாக்டரு.”

வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக ஓடிவந்தாள் மகள் செலின். “அம்மா, பசிக்குது. ஒரே ஒரு துண்டும்மா!”

“புதுநன்மை வாங்கற பொண்ணு, பூசை முடியறவரைக்கும் தண்ணியைத் தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது. வந்ததும் நீதான் வெட்டப்போற.”

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த அவசர ஊசியை எடுத்து, கேக் தட்டு வைக்கும் மேசையில் வைத்தாள். “விருந்துக் கூட்டத்துல யாராச்சும் பிஸ்கெட்டை நீட்டிடுவாங்க. இது இங்கயே இருக்கட்டும்.”

மாதா கோயிலில், முதன்முறையாக நற்கருணை வாங்க, வெள்ளை உடைப் பிள்ளைகள் வரிசையில் நகர்ந்தார்கள். செலின் முறை வந்தது. கைகூப்பி, கண்மூடி, நாக்கை நீட்டினாள். எலிசபெத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து முழங்காலிட்ட செலின் கழுத்தைச் சொறிந்தாள்.

“அம்மா... தொண்டை...”

உதடு தடித்துக்கொண்டே வந்தது. அப்பா பிரிட்டோ அவளை வாரித் தூக்கினான்.

“அய்யோ, கேக்கைக் குடுத்தியா?”

“சத்தியமா இல்லைங்க! காலையில இருந்து அவ எதையுமே சாப்பிடல!”

சொல்லும்போதே அவள் பார்வை பீடத்துக்குப் போனது. அடுத்த பிள்ளையின் நாக்கில் சாமியார் வைத்துக்கொண்டிருந்த மெல்லிய வெள்ளை அப்பம். ஆண்டவரின் உடல் என்றுதான் இத்தனை வருஷமாக அவளும் அதை வாங்கியிருக்கிறாள். கோதுமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“ஊசி எங்கடி?” பிரிட்டோ அலறினான்.

“வீட்டுல... கேக்குக்குப் பக்கத்துல.”